பேச்சில்லாத ஒரு நாள்: பங்கில் மௌனத் தியானம் ஏற்பாடு செய்ய நினைப்பவர்களுக்கு

சிங்கப்பூரில் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோயில் சமூகத்தில், நடந்த முதல் மௌனத் தியானம் நாற்பது நிமிடம் தாங்கியது. காலை ஒன்பது மணிக்கு மணி அடித்து மௌனத்தைத் தொடங்கினோம். ஒன்பது நாற்பதுக்கு ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, “டாய்லெட் எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார். அவர் வழி சொன்னார். சொன்ன கையோடு, “நீங்க உட்லண்ட்ஸ்தானே? எங்க நாத்தனாரும் அங்கதான் இருக்காங்க” என்றார். பத்து மணிக்கெல்லாம் கூடம் கல்யாண வீடாகிவிட்டது.

வந்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கழிவறைக்கு வழிகாட்டும் ஒரு தாளை நாங்கள் ஒட்டவில்லை, அவ்வளவுதான். அப்புறம் பல முறை நடத்தியதில் ஒன்று புரிந்தது. “அமைதியாக இருங்கள்” என்று சொல்லி யாரையும் மௌனத்துக்குள் கொண்டுவர முடியாது. ஒருவர் வாய் திறக்க என்னென்ன காரணம் வரக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்து, அவற்றை ஒவ்வொன்றாக அகற்ற வேண்டும். ஏற்பாட்டாளரின் வேலையில் முக்கால்வாசி இதுதான். ஜெபிக்கக் கற்றுக்கொடுப்பது நம் வேலை இல்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீருங்கள்

நம் பங்குகளில் தியானம் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது ஒலிபெருக்கியும் ஊரிலிருந்து வந்த பிரசங்கியாரும்தான். நாள் முழுக்க மறையுரை, கைதட்டிப் பாடும் பாட்டு, கடைசியில் குணமளிக்கும் வழிபாடு. அதில் தவறு எதுவும் இல்லை, ஆனால் அது வேறு. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகளில் இருக்கும் நண்பர்களிடம் ‘ரிட்ரீட்’ என்று சொன்னால் அவர்கள் சபை முகாமை நினைத்துக்கொள்கிறார்கள்: விளையாட்டு, குழு நடவடிக்கை, இரவில் கோழி வாட்டுவது. நம் பாட்டிமார் காலத்தில் இதற்கு ‘ஞான ஒடுக்கம்’ என்று ஒரு சொல் இருந்தது. ஆமை ஓட்டுக்குள் ஒடுங்குகிற ஒடுக்கம். இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கு அறிவிப்பில் போட்டால் பாதிப் பேருக்குப் புரியாது என்பதால் ‘மௌனத் தியானம்’ என்றே எழுதுகிறோம்.

அழைப்பில் ஒளிவுமறைவு வேண்டாம். நாங்கள் எழுதுவது இப்படி: “காலை 9.30 முதல் பிற்பகல் 3.30 வரை யாரும் யாரோடும் பேசமாட்டோம். பிரசங்கம் இல்லை. பாடகர் குழு இல்லை. இரண்டு முறை 15 நிமிட விளக்கம் உண்டு. மற்ற நேரம் நீங்களும் ஆண்டவரும்.” இதைப் படித்துவிட்டுச் சிலர் பின்வாங்குவார்கள். நல்லதுதான். தெரியாமல் வந்து தவிப்பதைவிட அது மேல்.

பங்குத்தந்தையிடம் போகும்போது

வெறும் ஆசையோடு போகாதீர்கள், அரைப்பக்கத் தாளோடு போங்கள். எத்தனை பேர், எந்த நாள், எந்த அறை, யார் வழிநடத்துகிறார், செலவு எவ்வளவு. இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் போதும். தந்தையர்களுக்கு இருக்கிற பயம், இன்னொரு பெரிய கூட்டத்தைக் கட்டி மேய்க்க வேண்டுமே என்பது. 15 பேர்தான் என்று சொன்னவுடன் முகம் தெளியும்.

உண்மையிலேயே 15 போதும். 12-க்குக் குறைந்தால் இருமுகிறவர்கூடச் சங்கடப்படுவார், 20-க்கு மேல் போனால் ஒரு வழிகாட்டியால் எல்லாரையும் தனித்தனியே பார்க்க முடியாது. முதல் முறை மூன்று மணி நேரம் மட்டும் வையுங்கள், ஒரு சனிக்கிழமை காலை. அது சரியாக அமைந்தால் அடுத்தது முழுநாள். இரவு தங்கும் தியானத்தை இரண்டு மூன்று முழுநாள்கள் நடத்திப் பழகிய பிறகு பாருங்கள்.

நாள் குறிப்பது

எல்லாரும் கேட்பது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தை. ஆனால் தவக்காலத்தில் வெள்ளி தோறும் சிலுவைப்பாதை, வார இறுதியில் ஒப்புரவு (பாவசங்கீர்த்தன) வழிபாடு என்று கோயில் முழுக்க ஆள் இருப்பார்கள். அறையும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது. என் தேர்வு பொது விடுமுறை நாள். காரணம் பக்தி இல்லை, துளைபோடும் இயந்திரம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் ஞாயிறும் பொது விடுமுறையும் புதுப்பிப்பு வேலை செய்யக்கூடாது. குடியிருப்புகளுக்கு 150 மீட்டருக்குள் இருக்கும் கட்டுமானத் தளங்களுக்கும் அந்த நாள்களில் வேலைத் தடை உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலே இரைச்சலாக இருக்கும் என்பதால் மிஞ்சுவது விடுமுறை நாள். மே 1 எங்களுக்கு நன்றாக ஒத்துவந்திருக்கிறது.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. ஜூன், ஜூலை சனிக்கிழமைகளில் தேசிய தின அணிவகுப்பு ஒத்திகை நடக்கும். மாலையில் போர்விமானங்கள் தலைக்கு மேல் போகும்போது எந்தத் திருப்பாடலும் நிற்காது. நகரமையத்தில் இருக்கும் கோயிலென்றால் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தய வார இறுதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், சாலை மூடியிருக்கும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. ஆறாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற தாய் அப்போது வரமாட்டார், வந்தாலும் மனம் இங்கே இருக்காது.

இன்னொன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் தங்கியிருக்கும் தம்பிமார்களுக்கும் வீட்டுப் பணிப்பெண்களாக இருக்கும் சகோதரிகளுக்கும் பெரும்பாலும் ஞாயிறுதான் ஓய்வு நாள். எல்லாத் தியானத்தையும் விடுமுறையிலும் சனிக்கிழமையிலும் வைத்தால் அவர்களை வெளியே நிறுத்தியதாகிவிடும். அதனால் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு பிற்பகலை அவர்களுக்கென்று ஒதுக்குகிறோம். அன்றைக்கு நான்கு மணிக்குள் முடித்துவிட வேண்டும். இந்திய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால், அங்கே பிள்ளைகள் மதியச் சாப்பாடு முடித்து அம்மாவின் அழைப்புக்குக் காத்திருக்கும் நேரம் அது.

இடம்

ஓஃபிர் ரோட்டில் இருக்கும் லூர்து அன்னை ஆலயம் 1888 முதல் இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குத் தாய்வீடு. ஷார்ட் ஸ்திரீட்டில் இருக்கும் தமிழ் மெதடிஸ்ட் ஆலயமும் அதே வட்டாரம்தான். ஆனால் தாய்வீட்டில் மௌனமாக இருக்க முடியுமா? போகிற வருகிற எல்லாரும் தெரிந்தவர்கள். “என்னங்க, ஆளையே காணோம்” என்று ஒருவர் தோளைத் தட்டினால் தீர்ந்தது. உங்கள் சொந்தப் பங்கிலேயே நடத்துவதென்றால், வாசலிலிருந்து தள்ளியிருக்கும் மாடி அறையாகப் பாருங்கள். அடுத்த அறையில் அன்றைக்கு யார் முன்பதிவு செய்திருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முறை எங்களுக்கு அடுத்த அறையில் இளையர் குழுவின் டிரம்ஸ் பயிற்சி.

இதற்கென்றே இருக்கும் இடங்களையும் விசாரிக்கலாம். புனித இஞ்ஞாசியார் ஆலயத்தை ஒட்டி யேசு சபையினரின் கிங்ஸ்மீட் ஹால் இருக்கிறது. ஜாலான் மெர்போக்கில் கனோசியன் சகோதரிகளின் ஆன்மிக மையம் இருக்கிறது. பலர் மலேசியாவின் ஜொகூருக்குப் போய் பிலெந்தோங்கில் இருக்கும் மஜோடி மையத்தில் தங்குகிறார்கள். எனக்கு அதில் தயக்கம். நீண்ட வார இறுதியில் கடற்பாலத்தில் சில மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர் முதல் நாள் முழுக்கத் தூங்குவார். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும் எல்லை தாண்டுவது அவ்வளவு எளிதல்ல.

இடத்தை முன்கூட்டியே போய்ப் பாருங்கள், தியானம் நடக்கப்போகும் அதே கிழமையில், அதே மணி நேரத்தில். அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காருங்கள். குளிர்சாதனத்தின் உறுமல், கதவின் கிரீச், குப்பை லாரி எல்லாம் அப்போதுதான் காதில் விழும். கதவு கீலுக்கு எண்ணெய் போடுவதும் இந்த ஊழியத்தில் சேர்ந்ததுதான். விடியற்காலையில் குயில் கத்தினால் ஒன்றும் செய்வதற்கில்லை. சிங்கப்பூர்க் குயிலை அடக்க எந்தப் பங்குப் பேரவையாலும் முடியாது.

யார் வழிநடத்துவது

நன்றாகப் பிரசங்கம் செய்கிறவர் என்பதற்காக ஒருவரைக் கூப்பிடாதீர்கள். நல்ல பேச்சாளருக்கு இந்த வேலை பெரும் சோதனை. 15 நிமிடம் என்று சொல்வீர்கள், 50 நிமிடம் பேசுவார், எல்லாரும் ரசித்துக் கேட்பார்கள். ஆனால் அது மௌனத் தியானமாக இருக்காது.

இந்த முறைக்குப் பெரிய ஆதாரம், யேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூல். ஸ்பெயினின் மன்ரேசாவில் 1522-இல் தன் சொந்த அனுபவத்திலிருந்து குறித்துவைக்கத் தொடங்கியது, 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு வெளிவந்தது. அதன் தொடக்கக் குறிப்புகளில் இரண்டாவது நமக்கு மிகவும் உதவும்: பயிற்சி கொடுக்கிறவர் விளக்கத்தைச் சுருக்கமாகக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அதிகம் அறிவதைவிட உள்ளே சுவைத்து உணர்வதுதான் ஆன்மாவை நிறைக்கும் என்கிறார். வழிநடத்த வருபவரிடம் இந்தக் குறிப்பை மரியாதையாக நினைவுபடுத்தலாம். நாம் சொன்னால் கோபம் வரும், இஞ்ஞாசியார் சொன்னால் வராது.

ஆன்மிக வழிகாட்டலில் பயிற்சி பெற்ற ஓர் அருட்தந்தையோ அருட்சகோதரியோ பொதுநிலையினரோ இங்கேயே கிடைப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். “ஊரிலிருந்து ஃபாதர் ஒருத்தர் சுற்றிப்பார்க்க வந்திருக்காரு, அவரையே பேசச் சொல்லலாமே” என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர் இங்கே சமயம் சார்ந்து பேசுவதற்கு மனிதவள அமைச்சு வழங்கும் மிசலேனியஸ் வொர்க் பாஸ் என்ற குறுகியகால அனுமதி வேண்டும். அழைக்கும் அமைப்புதான் அதற்கு முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும். அதனால் பங்கு அலுவலகத்தின் காதில் போடாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பெயர் பதிவு

படிவம் சின்னதாக இருக்கட்டும். பெயர், கைப்பேசி எண், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, உணவு ஒவ்வாமை, மருந்து. அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்பு விதிகள்படி 2019 செப்டம்பர் முதல், தக்க காரணம் இல்லாமல் அமைப்புகள் அதைச் சேகரிக்கக்கூடாது. பழைய படிவத்தை நகலெடுத்தால் அந்தக் கட்டம் அப்படியே வந்துவிடும், பார்த்து அழித்துவிடுங்கள்.

பதிவு செய்த ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள். வாட்ஸ்அப் செய்தி போதாது. அண்மையில் துக்கம் நேர்ந்தவர், மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுப்பவர் அந்த ஐந்து நிமிடத்தில்தான் சொல்வார். அப்படிப்பட்டவரை வரவேண்டாம் என்று தள்ளக்கூடாது, ஆனால் வழிகாட்டியிடம் முதலில் பேசவைக்க வேண்டும். நெருக்கடியின் உச்சத்தில் இருப்பவருக்கு நீண்ட மௌனம் பாரமாகலாம், அவருக்கு முதலில் தேவை பேசுவதற்கு ஓர் ஆள். தற்கொலைத் தடுப்புக்கு உதவும் எஸ்ஓஎஸ் அமைப்பின் 24 மணி நேர எண் 1767, அதைத் தொண்டூழியர் எல்லாரும் கைப்பேசியில் வைத்திருக்கட்டும்.

காசு விஷயம்: சாப்பாட்டுச் செலவைத் தலைக்குப் பிரித்துச் சொல்லிவிட்டு, வாசலில் பெயர் எழுதாத உறை வையுங்கள். முடிந்தவர் கூடப் போடுவார், முடியாதவர் வெறும் உறையைப் போடுவார், யாருக்கும் தெரியாது. பேநவ் மூலம் கைப்பேசியில் பணம் அனுப்புவது வசதிதான், ஆனால் அதில் யார் எவ்வளவு அனுப்பினார் என்பது தெரிந்துவிடும்.

தாள்களும் பலகைகளும்

கழிவறை, தண்ணீர், ஆலயம், ஓய்வறை, வழிகாட்டியைச் சந்திக்கும் அறை, மின்தூக்கி. ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறியோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். கால அட்டவணையை எல்லாச் சுவரிலும் ஒட்டுங்கள், “அடுத்து என்ன?” என்பதுதான் இரண்டாவதாக அதிகம் கேட்கப்படும் கேள்வி. ஒரு மூலையில் சின்னத் தாளும் பென்சிலும் வையுங்கள். ஏதாவது வேண்டுமென்றால் எழுதித் தொண்டூழியரிடம் நீட்டலாம்.

ஜெபத்துக்கான இறைவார்த்தைப் பகுதியைத் தாளிலேயே அச்சடித்துக் கொடுங்கள். வேதாகமத்தைக் கொண்டுவரச் சொன்னால் ஒருவர் 1995-இல் வந்த திருவிவிலியம் வைத்திருப்பார், இன்னொருவர் பழைய மொழிபெயர்ப்பு, மூன்றாமவர் கைப்பேசியைத் திறப்பார், திறந்ததும் மாமியாரின் குறுஞ்செய்தி வந்து நிற்கும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். பின்பக்கத்தில் அதே பகுதியை ஆங்கிலத்திலும் அச்சடிக்கிறோம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் ஜெபம் கலைந்துவிடும். முதலில் இதற்கு எதிர்ப்பு வந்தது, “தமிழ்த் தியானத்தில் ஆங்கிலமா” என்று. இப்போது யாரும் கேட்பதில்லை.

புதியவர்களுக்குக் கதையாக வரும் பகுதிகள் நல்லவை: எரிகோவின் பார்வையற்ற பர்த்திமேயு, மார்த்தா மரியா வீடு, கடற்கரையில் இயேசு மீன் சுட்டுச் சீடர்களைப் பசியாறக் கூப்பிடும் யோவான் 21. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பகுதி போதும். ஆர்வத்தில் ஐந்தைக் கொடுத்தால் அது தேர்வுக்குப் படிப்பதுபோல் ஆகிவிடும்.

அன்றைய நாள்

8.30-க்கு வந்து பசியாறட்டும், வயிறார மட்டுமல்ல, வாயாரவும் பேசட்டும். இதைச் சுருக்காதீர்கள், பேச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனால் பத்து மணிக்கு வெடிக்கும். 9.15-க்கு விதிமுறைகள். 9.30-க்கு மணி, மௌனம் தொடக்கம், முதல் விளக்கம். பத்து மணி வாக்கில் தனி ஜெபம், ஒரு மணி நேரம். 11-க்குத் தேநீர், கொஞ்சம் நடை. பகல் உணவு 12.15-க்கு. அதற்குப் பிறகு ஒன்றரை மணி வரை ஓய்வு, தூங்கலாம், தூங்குவது பாவம் இல்லை என்று அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு இரண்டாவது விளக்கம், மறுபடி தனி ஜெபம், 2.45-க்குத் திருப்பலி, 3.30-க்கு மௌனம் முடிவு. தனி ஜெப நேரங்களில் வழிகாட்டி ஒரு பக்க அறையில் இருப்பார். பேச விரும்புகிறவர் பெயர்ப் பட்டியலில் நேரம் குறித்துக்கொண்டு போகலாம், அங்கே பேசுவது மௌனத்தை உடைப்பதாகாது.

கைப்பேசியைப் பிடுங்கி வைக்காதீர்கள். வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா இருப்பார், கைக்குழந்தை இருக்கும். ஒரு தொண்டூழியரின் எண்ணை முந்தின நாளே எல்லார் வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள், அவசரமென்றால் அதில் கூப்பிடட்டும். இப்படிச் சொன்னால் தாங்களாகவே அணைத்துவிடுகிறார்கள்.

உண்மையான சோதனை சாப்பாட்டு நேரம். பக்கத்து இலையில் சோறு தீர்ந்துவிட்டதென்றால் “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க” என்று சொல்லாமல் இருக்க நம்மவர்களால் முடியாது. ஊறிப்போன பழக்கம். அதனால் பரிமாற ஆள் போடாதீர்கள். எல்லாவற்றையும் மேசையில் வைத்து, ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் பெயரட்டை வையுங்கள்: சாம்பார் சாதம், தயிர் சாதம், கடலை சேர்ந்தது, சர்க்கரை இல்லாத தே. நாற்காலிகளை எதிரெதிரே போடாமல் எல்லாம் சன்னலைப் பார்த்தபடி போடுங்கள். எதிரில் ஒரு முகம் இருந்தால் புன்னகை வரும், புன்னகை வந்தால் சைகை, சைகைக்குப் பின் சிரிப்பு. எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வேண்டாம், ஒன்று கீழே விழுந்தால் ஐந்து நிமிடம் கேட்கும். பிரியாணி அறவே கூடாது. ஒரு நல்ல மனிதர் நன்கொடையாக ஆட்டுப் பிரியாணி அனுப்பிய ஆண்டு, பிற்பகல் ஜெபத்தில் கேட்டது குறட்டை மட்டும்தான்.

யாராவது அழுவார்கள். கட்டாயம் அழுவார்கள். அக்கா ஒருவர் உடனே ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, “என்னம்மா ஆச்சு” என்று கேட்பார். அன்புதான், ஆனால் அந்த இடத்தில் வேண்டாம். பல ஆண்டாக வராத கண்ணீர் அப்போதுதான் வந்திருக்கும், நாம் போய்க் கேட்டால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு “ஒண்ணுமில்லை” என்பார். ஒவ்வொரு வரிசையிலும் டிஷ்யூப் பெட்டி வைத்துவிட்டு, தொண்டூழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: தூரத்திலிருந்து கவனியுங்கள், வெகுநேரம் நீடித்தாலோ மூச்சு வாங்கினாலோ வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

மௌனத்தை முடிப்பது

“சரி, இப்போது பேசலாம்” என்று மைக்கில் அறிவித்துவிடாதீர்கள். திருப்பலி முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து, விரும்புகிறவர் மட்டும் இரண்டு நிமிடம் பகிரலாம். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் புத்தி சொல்லக்கூடாது என்பது கண்டிப்பான விதி. நம் கூட்டத்தில் இதைக் காப்பாற்றுவதுதான் கடினம், ஒருவர் வருத்தத்தைச் சொன்னவுடன் மூன்று பேர் தீர்வோடு எழுந்து நிற்பார்கள். வழிகாட்டி கையைக் காட்டி நிறுத்தட்டும்.

அன்றிரவே தொண்டூழியர்கள் பத்து நிமிடம் கூடி, இன்று யார் எதற்காக வாய் திறந்தார் என்று மட்டும் எழுதிவையுங்கள். எங்கள் நோட்டில் இருப்பவை: குளிர் தாங்காமல் போர்வை கேட்டது, செருப்பு மாறிப்போனது, தேயில் சர்க்கரை இருக்கிறதா என்ற சந்தேகம், “மணி அடிச்சாச்சா?” அடுத்த முறைக்கான வேலைப் பட்டியல் அதிலிருந்தே வந்துவிடும்.

நாள் முழுக்க வரமுடியாதவர்கள் இருக்கிறார்கள்: ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்கள், தாதியர், பேருந்து ஓட்டுநர்கள். இவர்களைப் போன்றவர்களை இஞ்ஞாசியாரும் நினைத்திருக்கிறார். பத்தொன்பதாவது குறிப்பில், வேலைப்பொறுப்பு உள்ளவர் தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வீட்டிலிருந்தே பயிற்சிகளைச் செய்யலாம் என்கிறார். ஒன்றரை மணி என்றால் நம் ஆட்கள் மிரண்டுவிடுவார்கள். நாங்கள் தவக்காலத்தில் தினமும் 20 நிமிடம் என்று தொடங்கி, வாரம் ஒரு முறை வழிகாட்டியைச் சந்திக்க வைக்கிறோம். ஓர் அண்ணன் இரவு வேலை முடிந்து காலையில் முதல் எம்ஆர்டியில் ஏறி, ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து ஈசூன் வரை ஜெபிக்கிறார். ரயிலில் கூட்டம் சேர்வதற்குள் அவருடைய இருபது நிமிடம் முடிந்துவிடும். உங்கள் பங்கிலும் இப்படி நான்கு பேர் இருப்பார்கள். அவர்களுக்குத் தோதான சந்திப்பு நேரம் இரவு ஒன்பதரை மணியாகவும் இருக்கலாம், காலை ஏழாகவும் இருக்கலாம் என்று வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.